களரும் உவரும்

நான் வசிக்கும் முடிச்சூர், ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த ஊர். இங்கிருந்து வண்டலூர் வழியாகக் கிழக்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் கேளம்பாக்கம். உப்பளங்களுக்குப் பேர்போன ஊர். ஒரு பக்கம் நெல், மறுபக்கம் உப்பு. இலையில் ஒன்று சேர்ந்தால் இவ்விரண்டும் உறவு. மண்ணில் சேர்ந்தாலோ ஜன்மப் பகை.

இந்தப் பகையை நம்மவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கல்லாதவனுக்கு உவமை தேடிய வள்ளுவர், விளையாத களர் நிலத்தைத்தான் எடுத்துக்கொண்டார். சோழர் காலச் செப்பேடுகள் தானமாகக் கொடுத்த ஊரின் உடைமைகளை அடுக்கும்போது, 'களரும் உவரும்' என்று இரண்டையும் தனித்தனியே சொல்லுகின்றன. ஓசைக்காகச் சேர்த்த அடுக்கு மொழி அல்ல இது. உவர் நிலத்தில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால் கரைந்து போய்விடும். களரில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். விட்ட தண்ணீர் கீழே இறங்காது. ஜிப்சம் போட்டுச் சோடியத்தைப் பெயர்த்த பிறகுதான் அலசவே முடியும். இன்றைய விஞ்ஞானிகளும் இரண்டு நோய்க்கும் வேறு வேறு மருந்துதான் சொல்கிறார்கள்.

உப்பு பயிரை என்ன செய்கிறது? தண்ணீரில் நிற்கும்போதே தாகத்தால் வாட்டுகிறது! உப்பு மிகுந்த நீரை வேரால் எளிதில் உறிஞ்ச முடியாது. உறிஞ்சினாலும் சோடியம் கூடவே ஏறி இலையின் நுனியைக் கருக்கிவிடும். நெல்லுக்கு நாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் பெரிய கண்டங்கள். பூவில் அடிபட்டால் கதிர் வரும். மணி இராது, பதர்தான். தானியங்களில் பார்லி இந்தக் கொடுமையை நன்றாகத் தாங்கும். கோதுமை அதற்கு அடுத்தபடி. நெல் நோஞ்சான்.

ஒரு பழைய நாகரிகத்தின் கணக்கிலேயே இதற்குச் சாட்சி உண்டு. மண்பாண்டங்களில் பதிந்த தானியத் தடங்களையும் களிமண் பலகைகளையும் ஆராய்ந்து, ஜேகப்சன், ஆடம்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1958ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தென் மெசபடோமியாவில் கி.மு. 3500 அளவில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறையச் சமபங்காக விளைந்தன. கி.மு. 2500க்குள் கோதுமை ஆறில் ஒரு பங்காயிற்று. கி.மு. 1700க்குள் அநேகமாக மறைந்தே போயிற்று. கடல் பொங்கவில்லை. கால்வாய் வெட்டிப் பாய்ச்சிய தண்ணீருக்கு வடிய வழி போதவில்லை, அவ்வளவுதான். நிலத்தடி நீர் மேலேறியது. வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுச் சென்றது. உப்பு ஒன்றே காரணமா என்று பின்வந்தவர்கள் வாதிட்டதுண்டு. ஆனாலும், தானியத்தைத் தந்த தண்ணீரே உப்பையும் கொண்டுவந்தது என்ற உண்மை மனத்தை உறுத்துகிறது.

நம் நாட்டிலோ அது ஒரே காலையில் வந்தது. 2004 டிசம்பர் 26ந் தேதி சுனாமி, நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடலையே கொண்டுவந்து விட்டது. இனி அங்கே நெல் ஏது என்று கலங்கியவர்கள் உண்டு. 2005ல் கொட்டித் தீர்த்த வடகிழக்குப் பருவமழை உப்பைப் பெருமளவு கழுவிக்கொண்டு போயிற்று. வானம் செய்த உபகாரம் அது. மனிதன் சேமித்து வைத்த உபகாரமும் ஒன்று உண்டு: விதை. உவரைத் தாங்கும் குழியடிச்சான் என்ற பழைய நெல் நம் கடலோரத்துச் சொத்து. கேரளத்துப் பொக்காளியும் அதே ஜாதி. அதிலிருந்து உப்பைத் தாங்கும் மரபணுப் பகுதியைக் கண்டெடுத்து, 'சால்டால்' என்று பெயரிட்டு, புதிய ரகங்களில் ஏற்றியிருக்கிறார்கள். மகசூல் குறைவு என்று கைவிடாமல், அந்த விதையை ஆண்டுதோறும் விதைத்துக் காப்பாற்றிய குடியானவனுக்குத்தான் முதல் வணக்கம்.

கடலோரத்தில் ஆழ்குழாய்கள் நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இறைக்கும்போது, கடல் பூமிக்கடியில் ஓசையின்றி உள்ளே நகர்ந்து வருகிறது. தென்சென்னைக் கரையும் இதற்கு விலக்கல்ல. களர் எது, உவர் எது என்று பிரித்தறிந்து செம்பில் பொறித்து வைத்த நாடு இது. நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் ருசி மாறுவதையாவது நாம் கவனித்துக்கொள்ள வேண்டாமா?