முத்துக்கரையும் அச்சுச் சித்திரமும்

தூத்துக்குடிக்குத் தெற்கே முத்தையாபுரத்து உப்பளங்களைத் தாண்டித் திருச்செந்தூர்ச் சாலையில் சென்று கிழக்கே திரும்பினால், தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் வரும். அவ்வூரில் தங்கித் தமிழ் கற்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூலை அச்சேற்றியபோது, அதற்குத் திரவிய சகாயம் செய்தவர்கள் இக்கரையில் முத்துக் குளித்த பரதவர்களே.

ஆயினும் அதற்குப்பின் நெடுங்காலம் நம்மிடையே அச்சு எழுத்துக்கும் வியாபாரத்துக்கும் ஊழியம் செய்வதாகவே இருந்தது. சிவகாசியின் தீப்பெட்டி லேபிள்களும் காலண்டர் தெய்வங்களும் அந்த வழியில் வந்தவையே. கலைஞன் தானே தகட்டைக் கீறி, தானே மை தடவி, கோடும் வர்ணமும் மாத்திரமே பொருளாக நிற்கும் அரூபச் சித்திரத்தை அச்சில் படைப்பது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் நம்மவர்க்குக் கைவந்தது.

அவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் கிருஷ்ண ரெட்டி. 1925-இல் சித்தூர்ப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் சித்திரம் போதித்து, பின்னர் பாரிஸில் ஹேட்டர் நடத்திய ‘அத்தலியே 17’ என்ற பட்டறையை அடைந்த அவர், அங்கே சகாக்களோடு சேர்ந்து ஓர் அற்புதமான முறையை வளர்த்தார். ஒரே தகட்டைப் பல ஆழங்களில் செதுக்கி, எண்ணெய் மிகுந்த மையைக் கடின உருளையால் மேற்பரப்பிலும், எண்ணெய் குறைந்த கெட்டி மையை மிருதுவான உருளையால் பள்ளங்களிலும் ஏற்றினால், ஒன்றை ஒன்று விலக்கும் அம்மைகள் கலவாமல் நிற்க, ஒரே அழுத்தத்தில் பல வர்ணங்களும் தாளில் பதிந்துவிடுகின்றன. 1963-இல் அவர் செய்த ‘நீர்ச்சுழி’யில் தண்ணீர் வரையப்படவில்லை, ஆனால் கடலின் இழுப்பை அறிந்தவன் அந்த ரேகைகளின் வேகத்தை உடனே உணர்வான்.

அதே பட்டறையில் பயின்ற அலிகார் ஜரினா, தேசப் பிரிவினைக்குப்பின் சிதறிய தம் குடும்பத்தின் இல்லத்தைச் சில கறுப்புக் கோடுகளாகச் சுருக்கி, 1999-இல் 36 மர அச்சுகளாக ஆக்கினார். குறைத்துக் கொண்டே போவதால் துயரம் குறைவதில்லை என்பதற்கு அவையே பிரமாணம்.

நம் பக்கத்தவரான ஆர்.எம். பழனியப்பன் 1957-இல் தேவகோட்டையில் பிறந்து, சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் டமாரிண்ட் நிலையத்தில் கல்லச்சின் நுட்பங்களை அப்பியசித்தவர். விமானம் சென்ற தடங்களைப் போன்ற வளைகோடுகளும், புள்ளிகளும், எண்களுமே அவர் சித்திரங்கள். ஆகாயத்திலிருந்து பார்ப்பவனுக்கு உப்பளப் பாத்திகள் தோன்றும் தெளிவு அவற்றில் உண்டு.

அச்சென்றால் நகல்தானே என்று இகழ்பவர் இன்றும் இருக்கின்றனர். அந்த அபிப்பிராயம் தவறு. எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டாத இயல்பைக் கொண்டு சுண்ணக்கல்லில் தீட்டிய ரேகைகளைச் சில பிரதிகளே பதித்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண்ணும் கையொப்பமும் இட்டபின், கல்லைத் தேய்த்துச் சித்திரத்தை அழித்துவிடுவது கல்லச்சுக் கலைஞர்களின் சம்பிரதாயம். பின்னர் அதே கல்லின்மேல் வேறொரு சித்திரம் தொடங்கும்.