செண்டரோ மின்சாரம் யாருக்காக? கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக்கப்பல்களும் ஒரு மின்நிறுவனமும்

மலாயா மின்சார வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே வழித்தடத்தில்தான் நடந்திருக்கிறார்கள். 1894இல் ரவாங்கில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் நிறுவிய மின்னாக்கியில் தொடங்குவார்கள்; 1949இன் மத்திய மின்சார வாரியம், 1965இன் தேசிய மின்சார வாரியம், 1990இன் தெனாகா நேஷனல் என்று ஏறி, வீட்டுக்கு வீடு விளக்கு எரிவதில் முடிப்பார்கள். இதை ‘விளக்கு வாசிப்பு’ என்று அழைக்கலாம். இதில் தனியார் நிறுவனங்களுக்கு வாரியம் பிறக்கும்வரை திண்ணையில் காத்திருந்தவர்களின் இடமே கிடைக்கிறது. 1926இல் உருவான பேராக் ஆற்று நீர்மின் நிறுவனமும் அந்தத் திண்ணையில்தான் உட்கார வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வாசிப்பு தன் தொடக்கப் புள்ளியையே மறந்துவிடுகிறது. ரவாங் மின்னாக்கி ஓடியது சுரங்கத்துக்காக. 1900இல் பகாங்கின் செம்பாமில் எழுந்த நீர்மின் நிலையம் ரவுப் தங்கச் சுரங்கத்துக்காக. வீட்டு விளக்கு இந்தக் கதையில் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. பேராக் நிறுவனம் இந்த மரபின் முழு வளர்ச்சி என்பதே என் வாதம். வாரியத்துக்கு முன்னோடி என்ற அடையாளம் அதற்குப் பொருந்தவில்லை.

நிலையங்கள் எங்கே எழுந்தன என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் அனல்மின் நிலையம் மாலிம் நாவாரில் அமைந்தது. அது ஈப்போவுக்குத் தெற்கே, பத்து காஜாவுக்கும் கம்பாருக்கும் இடையில், கிந்தா பள்ளத்தாக்கில், ஈயம் அகழும் மிதவை எந்திரங்களான ஈயக்கப்பல்கள் மிதந்த நிலத்தின் நடுவில் இருக்கிறது. நகர விளக்குகளை மட்டும் நம்பியவர் அங்கே கொதிகலன் வைத்திருக்கமாட்டார். நிறுவனத்தின் நீர்மின் நிலையமான செண்டரோ அணை வடக்கே பேராக் ஆற்றில். அது இயங்கத் தொடங்கிய ஆண்டு சில குறிப்புகளில் 1929, சிலவற்றில் 1930. கட்டி முடித்ததையும் மின்சாரம் விற்கத் தொடங்கியதையும் வெவ்வேறாகக் கணக்கிட்டதால் வந்த வேறுபாடாக இருக்கலாம். ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ள நான் முன்வரவில்லை.

தஞ்சோங் துவாலாங் சாலையோரம் இன்றும் நிற்கும் ஐந்தாம் எண் ஈயக்கப்பல் இங்கே முதன்மைச் சான்று. தென் மலாயா ஈய அகழ்வு நிறுவனத்துக்காக 1938இல் கட்டப்பட்டது; எடை 4,500 டன். இத்தகைய கப்பல் தான் தோண்டிய குளத்திலேயே மிதந்தபடி, வாளிச் சங்கிலியால் மண்ணை அள்ளி, வயிற்றுக்குள்ளேயே சலித்து ஈயமணலைப் பிரிக்கும். முறை மாற்றி ஆட்கள் ஏற, இரவும் பகலும் மின்சாரத்தில் ஓடும். நீர்மின் நிலையத்துக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் இல்லை. வீடு மாலை ஆறு மணிக்குக் கேட்டுப் பத்து மணிக்கு நிறுத்திவிடும்; ஆறோ நள்ளிரவிலும் ஓடுகிறது. ஈப்போ போன்ற ஊர்களில் சில்லறையாக மின்சாரம் விற்கும் வேலைக்குக் கிந்தா மின்விநியோக நிறுவனம் தனியாக இருந்ததையும் நான் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன்.

ஆனால் மொத்த வாடிக்கையாளரை நம்பினால் அவர் நோயும் நமக்குத் தொற்றும். 1931இல் அனைத்துலக ஈயக் கட்டுப்பாடு ஒதுக்கீடு விதித்தபோது கப்பல்கள் முடங்கின. கப்பல் நின்றால் மீட்டரும் நிற்கும். அப்படியும் நிறுவனம் அரை நூற்றாண்டு தாண்டியது என்றால், சில்லறைச் சந்தை அதற்கு அவசியமாக இருக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். கைப்பேசித் தொழிலை 2014இல் விற்றுவிட்டு, தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குக் கருவி விற்று வாழும் நோக்கியாவைப் பார்ப்பவர்களுக்கு இது புதிராக இராது.

விளக்கு வாசிப்பு தடுமாறும் இன்னோர் இடம் தோட்டம். சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் செண்டரோவுக்கும் ஈப்போவுக்கும் இடைப்பட்டவை. தோட்ட முதலாளிகள் தொழிலாளர் குடியிருப்புக்கு மின்சாரம் தரவேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. செண்டரோ ஓடத் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு! ஒரு சட்டத்தைக் கொண்டு எல்லா லயங்களையும் அளந்துவிட முடியாது. ஆயினும் பால்மரம் சீவியவர் அந்த மின்சாரத்தின் கணக்கில் இருந்ததாகச் சொல்வதற்கு, மறுதரப்புதான் சான்று காட்டவேண்டும்.

1982இல் நிறுவனம் தேசிய மின்சார வாரியத்தில் சேர்ந்தது. ஐந்தாம் எண் கப்பல் ஓய்ந்ததும் ஏறத்தாழ அப்போதுதான். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் விலையைத் தாங்கும் கையிருப்பை வாங்கப் பணமின்றிச் சரிந்து, ஈய விலையும் வீழ்ந்தது. மூன்றே ஆண்டு இடைவெளியைப் பார்த்து நிறுவனம் தப்பித்துக்கொண்டது என்று எழுதிவிடலாம். எனக்குத் தயக்கம் இருக்கிறது: கிந்தாவின் ஈய வளம் அதற்கு முன்பே வற்றத் தொடங்கியிருந்தது.