பழங்கணினியின் துறைகள்

பாலங்கள் எழுவதற்கு முன்னர் மகாவலி கங்கையைக் கடந்தோர் தோணித்துறைகளையே நாடினர். துறையறியாது நீரில் இறங்கியவனுக்கு ஆறு வழிவிடுவதில்லை. கணினிக்குள் செய்தி வந்து சேர்வதும் வெளியே செல்வதும் நிகழும் வாயில்களுக்குத் தமிழில் 'துறை' என்று பெயர் அமைந்தது மிகப் பொருத்தமே. அவ்வாயில்கள் காலந்தோறும் வடிவு மாறின. ஆகவே பழைய கணினியொன்றைத் திறப்பவன், இன்று வழக்கொழிந்த பல துறைகளை அதனுள்ளே காண்கின்றான். அவற்றை இனங்காணுதல் ஒரு வரலாற்றுக் கலையாகும்.

கண்டி நகரைச் சூழ்ந்த பகுதி இக்கலைக்குப் புறம்பானதன்று. 1944ஆம் ஆண்டு ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் டெல்லியிலிருந்து பேராதனைப் பூங்காவிற்கு இடம்பெயர்ந்தது. தொலைபேசியும் வானொலியுமே அக்காலப் போர்த்தலைமையின் நரம்புகள். செருகியும் குதையும் இன்றி அவை இயங்கா. 1946இல் உலகறிந்த 'எனியாக்' என்னும் அமெரிக்கக் கணினியும் வடங்களைச் செருகியும் ஆளிகளைத் திருப்பியுமே ஆணைகளை ஏற்றது. பின்னர் 1964இல் பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது. 1985இல் அங்குக் கணினிக் கல்விக்கெனத் தனிப் பகுதியொன்றும் தோன்றிற்று.

கணினியின் இணைப்பிகள் பல, கணினிக்கெனவே பிறந்தவையல்ல. ஐந்து முனை கொண்ட வட்டச் செருகி, ஜெர்மானிய நியமத்தின் வழிவந்து ஒலிக்கருவிகளிற் பயின்றது. 'டி' எழுத்தின் உருவுடைய இணைப்பியைக் கனன் நிறுவனம் 1952இல் ஆக்கியது. கணினி செய்தோர் கடைகளில் எளிதிற் கிடைத்தவற்றை எடுத்தாண்டனர். இதனால் ஒரே உருவம் பல தொழில்களுக்கு உரியதாயிற்று. இனங்காணுவோர் தடுமாறுவதற்கு முதற்காரணம் இதுவே.

சில சான்றுகளை நோக்குவோம். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் பின்புறத்தில் ஒரே வடிவான இரு வட்டக் குதைகள் அருகருகே இருந்தன. ஒன்று விசைப்பலகைக்கு உரியது. மற்றது ஒலிநாடாக் கருவிக்கு உரியது. அதே ஆண்டின் பி.பி.சி. மைக்ரோ கணினியிலோ, வட்டுக்குரிய துறையும் ஒரு மெகாஹேட்ஸ் பாட்டைக்குரிய துறையும் 34 முனைகளே உடையன. 25 துளை கொண்ட 'டி' வடிவக் குதை ஐ.பி.எம். கணினியில் அச்சுப்பொறிக்கு உரிய சமாந்தரத் துறை. 1986இன் மக்கின்ரோஷ் பிளஸ் கணினியிலோ அதுவே வன்வட்டுகளை இணைக்கும் 'ஸ்கசி' என்னும் துறை. ஒன்றிற்குரிய கருவியை மற்றதிற் பொருத்தினால் உள்ளிருக்கும் சில்லுகள் பழுதுறலாம்.

ஆபத்து வடிவத்தில் இல்லை, மின்னழுத்தத்தில் உள்ளது. 1960இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ். 232 என்னும் தொடர்த்துறை நியமம், மூன்று முதல் பதினைந்து வோல்ற்று வரையிலான நேர், மறை அழுத்தங்களைச் செய்திக்குறியாகக் கொண்டது. அக்காலச் சில்லுகள் பெரும்பாலும் ஐந்து வோல்ற்றிலேயே இயங்கின. இரண்டும் நேரடியாகச் சந்திப்பின் சில்லு மாளும். அதனாலேயே இவற்றிடையே 1488, 1489 எனும் எண்ணுடைய இடைநிலைச் சில்லுகள் வைக்கப்பட்டன. பலகையில் அவ்வெண்கள் தென்படுமாயின், அருகிலுள்ள இணைப்பி தொடர்த்துறையாதல் வேண்டும் என்று துணியலாம்.

ஆதலின் முதலில் முனைகளை எண்ணுதல் வேண்டும். நெகிழ்வட்டுக்கு 34, ஐ.டி.ஈ. வன்வட்டுக்கு 40, உட்புற ஸ்கசிக்கு 50 என்பது பொது வழக்கு. எண்ணிக்கை மட்டும் போதாது, எஸ்.ரி. 506 எனும் பழைய வன்வட்டும் 34 முனைக் கட்டுப்பாட்டு வடத்தோடு 20 முனைத் தரவு வடமும் உடையது. அடுத்து, எந்த முனைகள் தரைத்தொடர்புற்றவை என்பதை மின்னிணைப்பைத் துண்டித்தபின் அளவுமானியாற் கண்டறிதல் வேண்டும். நெகிழ்வட்டு இணைப்பியில் ஒற்றைப்படை முனைகள் தரைக்கு உரியவை. மூன்றாவதாக, செப்புத் தடங்களைப் பின்பற்றி அவை எந்தச் சில்லை அடைகின்றன என்று பார்த்தல் வேண்டும். ஐ.பி.எம். வழிவந்த பழங்கணினிகளில் மின்வழங்கியின் இரட்டைச் செருகிகளைப் பொருத்துகையில் கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று அடுத்திருத்தல் வேண்டும். மாற்றிச் செருகினால் பலகை கெடும்.

கண்டிப் பிரதேசத்தின் ஈரக்காற்றும் இம்முயற்சிக்கு இடர் தருவது. முனைகளிற் களிம்பு படியும். பழைய நிக்கல் கட்மியம் மின்கலம் கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடும். தடம் அழிந்தபின் துறையின் தன்மையை அறிதல் அரிது.

பேராதனைக்கு அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரை 1344இல் எழுந்தது. தென்னிந்தியச் சிற்பாசாரியான கணேசுவராசாரியின் கைவண்ணம் அதன் தூணிலும் விதானத்திலும் தெரிகிறது. அமைப்பை நோக்கி வழியறியும் அம்முறையே கணினிக்கும் பொருந்தும். எனினும் கற்கோயில் உருவத்தாலேயே தன்னை உணர்த்தி நிற்கும். கணினியின் உருவமோ பிறிதொன்றைச் சுட்டி ஏமாற்றவும் கூடும்.

ஒரு பழங்கணினியின் நினைவிலும் வட்டிலும், வேறெங்கும் பிரதியில்லாத ஆய்வுக் குறிப்புகளோ கணக்கேடுகளோ அடங்கியிருத்தல் இயலும். அவற்றை மீட்கும் வழி அத்துறைகளின் வழியே செல்கின்றது. அவசரத்தோடு மின்னைப் பாய்ச்சுபவன் அவ்வழியை அடைத்துவிடுகின்றான். எண்ணி, அளந்து, தடம் பற்றிச் செல்பவனுக்கே பழமை தன் கதவைத் திறக்கும்.