பட்டை உரித்தவர்கள் படித்த செடி

ஆவாரையையும் அதன் பங்காளிச் செடிகளையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் தர்மபுரிச் சீமையில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பட்டை உரித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். என் ஆயாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. பாலக்கோட்டுப் பக்கம் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஆனாலும் செடியை எங்கே தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதை அவளிடம்தான் முதலில் கற்றேன்.

ஆவாரம்பட்டையில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்கு துவர்ப்புச் சத்து உண்டு. பச்சைத்தோலை அழுகாமல் பதப்படுத்துவது அந்தத் துவர்ப்புதான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் பட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரில் தோலைப் போட்டுப் பல நாள் புரட்டுவார்கள். வெளிர்நிறத்தில் மென்மையாக வரும் அந்தத் தோலுக்கு ஒரு குறை: வெயில் பட்டால் சிவந்துபோகும். அதனால் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முறை நனைத்து எடுப்பார்கள். கடுக்காய் சித்தேரி மலையிலும் கல்வராயனிலும் விளைந்தது. ஆவாரை எங்கள் கரடுகளிலும் ஏரிக்கரைகளிலும் தானாக நின்றது. ஆடு மாடு வாய் வைக்காத செடி என்பதால் மேய்ச்சல் நிலத்தில் அது மட்டும் தழைத்திருக்கும். இப்படிப் பதனிட்ட தோல் லண்டன் சந்தையில் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் விலைபோயிற்று. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ்களுக்கு மேல்தோலாகவும் போயிற்று. அந்தப் போரின் வரலாற்றை எழுதியவர்கள் தோல் வியாபாரிகளைப் பற்றிச் சொல்வார்கள். கொடுவாளோடு விடியுமுன் கரட்டுக்குப் போன பெண்களைப் பற்றி ஒரு வரி எழுதியவர் குறைவு.

மழை பெய்து சாறு ஏறிய நாட்களில் பட்டை குச்சியை விட்டுச் சுலபமாகக் கழன்று வரும். காய்ந்த நாட்களில் கல்லின்மேல் வைத்துத் தட்டித்தான் பிரிக்க வேண்டும். உரித்த குச்சி வீட்டு அடுப்புக்கு, உலர்ந்த பட்டை அதை எடை போட்டு வாங்கும் குத்தகைக்காரரின் தராசுக்கு. கட்டில் வேறு செடி கலந்திருந்தால் கூலி பிடித்துக்கொள்வார் அல்லது கட்டையே தள்ளிவிடுவார். கொன்றைப் பட்டையும் தோல் ஷாப்புக்கு ஆகும், ஆனால் அதன் கணக்கு தனி. ஒரு தவறான கட்டு ஒரு வேளைக் கஞ்சியைக் கெடுத்துவிடும் என்பதால் அவர்கள் கண் பழகியது.

"பூவைப் பாக்காதே கண்ணு, மஞ்சப் பூ எல்லாத்துக்கும் இருக்கு. காதைத் தொட்டுப் பாரு" என்பாள் ஆயா. காது என்று அவள் சொன்னது ஆவாரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் அகலமாக விரிந்து நிற்கும் இலையடிச் செதில். பக்கத்துச் செடிகளில் அது மெல்லியதாக இருக்கும், சீக்கிரம் உதிர்ந்தும் விடும். அடுத்தது காம்பின் மேல்பக்கம். ஆவாரையில் ஒவ்வொரு சிற்றிலை ஜோடிக்கும் நடுவே ஒரு சின்னச் சுரப்பி நீட்டிக்கொண்டிருக்கும். விரலை ஓட்டினாலே தெரியும். அதன் பங்காளியான பேயாவாரையிலோ காம்பின் அடியில் ஒன்றே ஒன்றுதான், குமிழாக உட்கார்ந்திருக்கும். அதன் சிற்றிலைகள் நுனி கூரியவை, நான்கைந்து ஜோடிதான், கசக்கினால் நாறும். காயும் வேறு: ஆவாரையின் காய் தட்டையாகக் காகிதம்போல் மெலிந்தது, பேயாவாரையின் காய் திரண்டு லேசாக மேல்நோக்கி வளைந்தது. தகரைக்கு மூன்று ஜோடி இலை, நுனி அகன்றது. மழைக்காலத்தில் கொழுந்தைக் கிள்ளிக் கீரையாகக் கடைவார்கள்.

தகரை என்று நாம் சொல்வதே இரண்டு இனங்கள். நூல்களிலும் வெகுகாலம் இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழப்பினார்கள். ஒன்றில் கீழ் இரண்டு ஜோடிகளுக்கு நடுவிலும் சுரப்பி உண்டு, மற்றதில் அடி ஜோடிக்கு நடுவில் மட்டும். இதை நான் கல்லூரியில்தான் படித்தேன். ஆயாவுக்கு இரண்டும் கீரை, பிரிக்க வேண்டிய தேவை இல்லை.

படித்தவர்களின் பாதை சுற்றி வளைத்துப் போனது. லின்னேயஸ் 1753-ல் ஆவாரையைக் கொன்றையோடு சேர்த்துக் கேசியா என்ற பேரினத்தில் வைத்தார். ராக்ஸ்பர்க் எழுதி, அவர் மறைந்தபின் 1832-ல் வெளிவந்த இந்தியத் தாவர நூல் அதைச் சென்னா என்று பிரித்தது. பின்னால் வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. 1915-இல் வெளிவரத் தொடங்கிய கேம்பிளின் மதராஸ் மாகாணத் தாவர நூலிலும் கேசியாதான். 1982-ல் அமெரிக்காவில் இர்வினும் பார்ன்பியும் பேரினத்தை மூன்றாக உடைத்தபோது ராக்ஸ்பர்க் இட்ட பெயர் திரும்பி வந்தது. அவர்கள் பார்த்தவற்றில் முக்கியமானது மகரந்தக் காம்பு. கொன்றைப் பூவில் மூன்று காம்புகள் நீண்டு வளைந்து தொங்கும், ஆவாரையில் அப்படி இல்லை. கொன்றை கேசியாவிலேயே தங்கியது. ஆவாரையையும் கொன்றையையும் தனித்தனிக் கட்டாகக் கட்டி, தனித்தனி விலை வாங்கிய பெண்களுக்கு இந்தப் பிரிவினையில் புதுமை ஒன்றும் இருந்திருக்காது.

தொழிலை விழத்தட்டியது தென்னாப்பிரிக்கப் பட்டை. நேட்டாலில் தோட்டம் தோட்டமாக வளர்த்த வாட்டில் மரத்தின் பட்டையில் துவர்ப்பு ஆவாரையைவிட மிக அதிகம். அது கப்பலில் வந்து இறங்கியது. குரோம் உப்பு வைத்துத் தோல் பதனிடும் முறையும் வளர்ந்தது. புதரில் குச்சி குச்சியாக உரித்துச் சேர்க்கும் பட்டை அவற்றோடு எப்படிப் போட்டி போடும்? ஆயாவின் கடைசிக் காலத்தில் குத்தகைக்காரர் வருவது நின்றுபோயிருந்தது.

வழக்கம் மட்டும் நிற்கிறது. போகியன்று தர்மபுரி, சேலம், ஈரோட்டுப் பக்கங்களில் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை சேர்த்து வீட்டு இறவாணத்திலும் மாட்டுக்கொட்டகையிலும் வயல் மூலையிலும் காப்புக் கட்டுகிறோம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்களின் வரிசையில் ஆவிரையும் சிறுபூளையும் அடுத்தடுத்த அடிகளில் நிற்பதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் காப்புக்கு வேண்டியது பூ மட்டுமே. காதையும் காம்பையும் பார்க்கும் பழக்கத்தை அந்த வழக்கம் காப்பாற்றித் தரவில்லை. இப்போது சந்தையில் விற்கும் காப்புக் கட்டுகளில் மஞ்சளாக எது கிடைத்தாலும் சேர்த்துக் கட்டியிருப்பதைப் பார்க்கிறேன். அதைக் கண்டால் மனசு ஆறுவதில்லை.

மனசு ஆறாததற்குக் காரணம் உண்டு: மஞ்சளாகப் பூப்பவற்றில் பேயாவாரையும் ஒன்று. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் மழைக்காலம் முடியும் சமயத்தில் ஆண்டுதோறும் சின்னப் பிள்ளைகள் வாந்தியெடுத்து, நினைவு தப்பி, சில நாளில் இறந்துகொண்டிருந்தார்கள். வெகுகாலம் அதை மூளைக்காய்ச்சல் என்றே எண்ணினார்கள். பிஜ்னோர் மருத்துவர் விபின் வசிஷ்டாவும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டி. ஜேக்கப் ஜானும் சேர்ந்து ஆராய்ந்து, 2007-ல் காரணத்தை எழுதினார்கள்: பிள்ளைகள் தின்ற பேயாவாரை விதை. ஈரல், தசை, மூளை மூன்றையும் அது தாக்குகிறது. தாய்மார்களுக்குச் செடியைக் காட்டி எச்சரித்தபின் அங்கே நோய் பெருமளவு குறைந்தது. 2016-ல் ஒடிசாவின் மால்கன்கிரியில் பிள்ளைகள் இறந்தபோதும் இதே செடியின் பெயர் அடிபட்டது.

அதே செடி பென்னாகரத்திலும் அரூரிலும் குப்பைமேடுகளில், பள்ளிச் சுவரோரங்களில் மழைக்குப் பின் இடுப்பளவு நிற்கிறது. ஐப்பசி மழை விட்டதும் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப்போகிறேன். அடிக்காம்பில் குமிழாக ஒற்றைச் சுரப்பி, கூரிய இலை, நாற்றம் — இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வாயில் வைக்கக் கூடாது, காய் பிடிக்குமுன் பெரியவர்களிடம் சொல்லி வேரோடு பிடுங்கச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். மற்றதையெல்லாம் அவர்கள் பெரியவர்களானபின் படித்துக்கொள்ளலாம்.