பதநீர் புளிச்ச ஊர்ல சோடா

சிவகாசிக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் வந்ததுக்கு அந்த வறண்ட வெயில் ஒரு பெரிய காரணம். மருந்து சீக்கிரம் காயும். எனக்கு ஒரு கேள்வி: கூடவே காய்ஞ்ச மனுஷன் என்ன குடிச்சான்?

பதநீர். சுண்ணாம்பு தடவின கலயத்துல இறக்கினாலும் ரொம்ப நேரம் தாங்காது, புளிச்சிடும். கோலி சோடா தாங்கும். 1872-ல இங்கிலாந்துல ஹிராம் காட் காப்புரிமை வாங்கின பாட்டில் அது. உள்ளே இருக்கிற கேஸே கோலியைத் தள்ளி வாயை அடைச்சிடும். கார்க்கே வேண்டாம்!

1916-ல விருதுநகர்ல பி.வி.எஸ்.கே. பழனியப்பன் காளிமார்க்கைத் தொடங்கினார். அப்புறம் பவண்டோ. 1993-ல கோக் இந்தியாவுக்குத் திரும்பினப்போ பார்லே தம்ஸ் அப்பை வித்துடுச்சு, காளிமார்க் விக்கல.

நான் பவண்டோ கட்சிதான். ஆனா பட்டாசு ஷெட்ல வேர்த்துக் கொட்டுறவங்களுக்கு அந்த இனிப்பு பத்தாது. வேர்வையில போன உப்பைத் திருப்பித் தர்றது நீர்மோர்தான்.