ஓடு மாற்றிய வகையில்



போன வாரம் எங்கள் வீட்டு மேற்குச் சுவரின் படத்தை இங்கே போட்டிருந்தேன். "சார், வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டீங்களா?" என்று பலரும் கேட்டிருந்தீர்கள். அது பெயிண்ட் இல்லை, சுண்ணாம்புப் பூச்சு. செய்து கொடுத்தவர் உங்களில் ஒருவர். என்னிடம் பத்தாம் வகுப்பு வரலாறு படித்தவர். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பழுதுபார்த்து, உள்ளே மர வேலை, தரை வேலை எல்லாம் செய்து தரும் சின்னத் தொழில் நடத்துகிறார். அவரோடு சேர்த்து ஏழு பேர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. என் தவறு ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். தேர்வு கிடையாது, பயப்படாமல் படியுங்கள்.

முதலில் வரலாறு.

செட்டிநாடு என்று நாம் சொல்லும் பகுதி சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களாகப் பரவிக் கிடக்கிறது. இங்கே பெரிய ஆறு கிடையாது, பெரிய விவசாயம் கிடையாது. ஊருணியில் தேங்கும் மழைத் தண்ணீர்தான் எல்லாம். இந்த வறண்ட மண்ணில் அவ்வளவு பெரிய வீடுகள் எழுந்ததற்குக் காசு வந்த வழி கடல். 1852-ல் நடந்த போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி முகத்துவாரத்தில் காட்டை வெட்டி நெல் போட்டார்கள். அந்த விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தது பெரும்பாலும் நம் நகரத்தார் கடைகள். பர்மா மட்டுமல்ல, இலங்கை, மலேயா, சைகோன் என்று கொடுக்கல் வாங்கல் நடந்தது. லாபத்தில் ஒரு பங்கு கோயிலுக்குப் போனது. ஒரு பங்கு வீடாக நின்றது.

பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஜப்பான் பூ ஓடு, பெல்ஜியம் கண்ணாடி என்று வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் ஒரு பட்டியல் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வீடுகளை நிற்கவைத்தது இந்த ஊர்ச் சுண்ணாம்பும் நாட்டு ஓடும். சுவருக்குப் பல அடுக்காகச் சுண்ணாம்புப் பூச்சு. கடைசி அடுக்கில் நன்றாக அரைத்த வெண்சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, கையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். நூறு வருஷம் கழித்தும் கை வைத்தால் சில்லென்று இருக்கும். கூரையில் நாட்டு ஓடு அடுக்கடுக்காக. அது காற்றில் நகரும், குரங்கு மிதித்தால் உடையும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் மேலே ஏறி, ஓட்டைப் பிரித்து, உடைந்ததை எடுத்துவிட்டு, மறுபடி அடுக்க வேண்டும். இதைத்தான் "ஓடு மாற்றுவது" என்பார்கள்.

என் அப்பா அப்படி ஒரு பெரிய வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார் என்பது உறவுகளுக்குத் தெரியும். அவர் கையெழுத்தில் சில கணக்கு நோட்டுகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. மஞ்சள் அடித்து, ஓரம் அரித்துப் போனவை. அதில் வருஷா வருஷம் தவறாமல் வரும் வரிகள் சில உண்டு. "ஓடு மாற்றிய வகையில்." "தைப் பொங்கலுக்கு வெள்ளை அடித்த வகையில்." "வளவு வாய்க்கால் தூர் எடுத்த வகையில்." கல்யாணம், கருமாதி, கோயில் செலவு எல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறும். இந்த மூன்று வரிகள் மாறாது. யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த செலவில்லை. தீபாவளிக்கு வேட்டி எடுப்பது போல அது ஒரு வழக்கம்.

1930 வாக்கில் உலக மந்தம் வந்தது. நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தது. 1938-ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. கையில் ரொக்கம் இல்லை, விற்க முடியாத வயல்தான் இருந்தது. அங்கே மண்ணை இழந்தவர்களுக்கு இவர்கள்மேல் கோபம் இருந்ததையும் நாம் மறைக்கக் கூடாது. 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. பல்லாயிரக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்த கையோடு நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1962-ல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகளையும் 1964-ல் கடைகளையும் அரசு எடுத்துக்கொண்டது. அத்தோடு அந்தக் கணக்குப் புத்தகம் மூடப்பட்டது.

அப்பாவின் நோட்டில் 1942-க்குரிய பக்கத்தில் "ஓடு மாற்றிய வகையில்" என்ற வரி இல்லை. ஏன் இல்லை என்றும் அவர் எழுதவில்லை. அடுத்த இரண்டு வருஷமும் இல்லை. பிறகு ஒரு வருஷம் வருகிறது, அதுவும் முகப்புக்கு மட்டும்.

நான் முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் பர்மாவைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு வீடு எப்படி விழுகிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த வெற்றிடம். ஒரு ஓடு நகர்கிறது. மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சட்டத்தில் இறங்குகிறது. தேக்கே ஆனாலும் வருஷக்கணக்கில் நனைந்தால் மக்கும். சட்டம் தாழ்ந்தால் பக்கத்து ஓடுகள் நகரும். பத்து வருஷத்தில் ஒரு கட்டு போய்விடும். அதற்குள் வீட்டுக்குப் பங்காளிகள் பெருகி, ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில் இருப்பார்கள். ஓடு மாற்ற யார் காசு கொடுப்பது என்பதில் சண்டை வரும். கடைசியில் விற்பதற்கு மட்டும் எல்லாரும் சம்மதிப்பார்கள். தூணும் கதவும் கண்ணாடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்த கதை இதுதான். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. அதற்குள் எத்தனையோ வீடுகள் வெறும் மனையாகிவிட்டன.

பெரிய வீட்டுக் கதையை இவ்வளவு சொன்ன நான், என் சின்ன வீட்டில் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு தாத்தா கட்டியது. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, ஓட்டுக் கூரை. மேற்குச் சுவர் அடியில் எப்போதும் லேசாக ஈரம் இருக்கும். 1996-ல் அந்தச் சுவரைச் சரிசெய்ய நினைத்தேன். அது சிமென்ட்டின் காலம். திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்தில் 1949-லேயே ஆலை வந்துவிட்டது என்றாலும், வெகுகாலம் சிமென்ட்டுக்குக் கட்டுப்பாடு இருந்தது, பெர்மிட் வாங்கித்தான் மூட்டை எடுக்க வேண்டும். 1982-ல் பாதியும் 1989-ல் முழுவதுமாகவும் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அதன்பின் எந்தக் கிராமத்துக் கடையிலும் மூட்டை கிடைத்தது. இன்று பூசினால் நாளைக்குக் காயும். சுண்ணாம்பை நீற்றி, வாரக்கணக்கில் ஊறப்போட்டு, அரைத்து, அடுக்கடுக்காகப் பூசுகிற வேலைக்கு யார் காத்திருப்பார்கள்? போர் முடித்து வைத்தது பணத்தை. கையில் இருந்த வேலையை முடித்து வைத்தது இந்த மூட்டை.

அப்போது எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் இருந்தார். பெரிய வீடுகளில் சுண்ணாம்பு வேலை பார்த்த பரம்பரை. நான் சிமென்ட் என்றதும் அவர் தயங்கினார். "ஐயா, இது தண்ணி குடிக்கிற சுவரு. குடிச்சத வெளிய விடணும். சிமிட்டி போட்டா வாய மூடுன மாதிரி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எம்.ஏ., பி.எட். படித்த வாத்தியார் அல்லவா! "காலம் மாறிடுச்சுங்க" என்று சொல்லி வேறு ஆளை வைத்துப் பூசினேன். இன்னொன்றும் சொன்னேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது. "உங்க பையனையாவது இந்தச் சாந்துச் சட்டியில விட்டுடாதீங்க, நல்லாப் படிக்கிறான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மூன்றாம் வருஷம் சுவரில் உப்புப் பூத்தது. தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல், சிமென்ட்டுக்குப் பின்னால் தேங்கி, இன்னும் உயரமாக ஏறியது. ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்கு அடியில் பொரிந்து, அதைத் தள்ளிவிட்டது. நான் மறுபடி சிமென்ட் பூசினேன். மறுபடி உரிந்தது. இருபத்தைந்து வருஷத்தில் நான்கு தடவை. சிமென்ட்டைக் குறை சொல்லவில்லை. ஆத்தங்குடிப் பூ ஓடே சிமென்ட்டில் செய்வதுதான், கண்ணாடியின் மேல் வண்ணம் ஊற்றி, சூளை இல்லாமல், தண்ணீரில் ஊறவைத்து. எது எங்கே என்பதுதான் கேள்வி. கொத்தனாருக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் இந்தச் சுவரைப் பார்க்க வந்த என் மாணவர், அந்தக் கொத்தனாரின் மகன்தான். நான் சொன்னபடி படித்தார், வெளியூரில் வேலை பார்த்தார், பிறகு தானாகவே சாந்துச் சட்டிக்குத் திரும்பி வந்தார். அப்பா இப்போது இல்லை. வந்தவர் சின்னச் சுத்தியலால் சுவரெல்லாம் தட்டிக் காது வைத்துக் கேட்டார். எஸ்டிமேட்டை இரண்டு தாளில் எழுதினார். ஒன்று கண்ணுக்குத் தெரியும் வேலை. இன்னொன்று, "உரிச்ச பிறகுதான் தெரியும் சார், இதுக்கு இப்ப தொகை சொன்னா அது பொய்."

வேலை நடந்த இரண்டு மாதமும் திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தொழிலைக் கவனித்தேன். வீட்டுக்காரர் காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். ஊறப்போட்ட சுண்ணாம்பில், வாங்கி அடுக்கிய பழைய ஓட்டில் முதல் முடங்கிக் கிடக்கும். மழைக் காலத்தில் கூரை வேலை இல்லை, ஆனால் ஏழு குடும்பத்துக்கும் அடுப்பு எரிய வேண்டும். பாதி விலையில் சிமென்ட் பூசித் தருகிறேன் என்று இன்னொருவர் வந்தால் ஒத்துக்கொண்ட வேலையும் கை நழுவும். "இந்த வருஷத்தோட விட்டுடலாம்னு இருக்கேன் சார். சிங்கப்பூர்ல கூப்பிடுறாங்க" என்றார் ஒரு நாள். என் மனைவி காபி டம்ளரை வைத்துவிட்டு, "தம்பி, முதல்ல இந்தச் சுவத்த முடிச்சிட்டுப் போ" என்றாள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவின் நோட்டை எடுத்துக் காட்டினேன். அந்த மூன்று வரிகளையும் அவர் விரலால் தடவித் தடவிப் படித்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சார், நான் விழுந்த வீட்டைத் தூக்குற வேலைக்கே அலைஞ்சிட்டிருக்கேன். இந்த வேலைய ஒருத்தரும் இப்ப செய்யறதில்லையே" என்றார்.

இப்போது அவர் அதைத்தான் செய்கிறார். வெளியூரில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளை வருஷத்துக்கு இரண்டு முறை திறந்து, ஆவணியில் ஓடு மாற்றி, வாய்க்கால் தூர் எடுத்து, மார்கழியில் உள்ளே பார்த்து, வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். அதற்கு ஒரு சின்ன ஆண்டுத் தொகை. பதினோரு வீடுகள் சேர்ந்திருக்கின்றன. பெரிய லாபம் இல்லை, ஆனால் மழை மாதத்துச் சனிக்கிழமைகளுக்கு ஓரளவு தாங்கும் என்கிறார். சிங்கப்பூர்ப் பேச்சை இன்னும் முழுக்க விடவில்லை. அது அவர் முடிவு, இந்த முறை நான் வாய் திறக்கவில்லை.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். வீடுகள் வயதானதால் விழவில்லை. வருஷா வருஷம் எழுதிய ஒரு வரி நின்றதால் விழுந்தன. பழுதுபார்ப்பு என்று இன்று நாம் பெரிதாகப் பணம் கொடுப்பது, அந்த வரியை எழுதாமல் விட்ட வருஷங்களுக்கான பாக்கி.

ஊரில் பூட்டிய வீடு வைத்திருக்கும் மாணவர்களும் உறவுகளும் இந்த ஐப்பசிக்கு முன் ஒரு ஆளைக் கூரையில் ஏற்றிப் பாருங்கள். சுவரை உரிக்கச் சொல்வதற்கு முன் அந்த ஊரில் வயதான கொத்தனார் யாராவது இருந்தால் அழைத்துக் காட்டுங்கள். அவர் தயங்கினால், ஏன் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அந்தக் கொத்தனாரிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. சுவர் வேலை முடிந்த அன்று அவர் மகனிடம் கேட்டேன். "அதெல்லாம் அப்பா அன்னைக்கே மறந்திருப்பாரு சார். ஆனா வருஷம் ஒரு தடவை வெள்ளை அடிக்க மறந்துடாதீங்க" என்றார்.

புது நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். முதல் வரி எழுதியாகிவிட்டது.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் வரலாற்று வாத்தியார்