குதிரை வாலுக்குக் கொடுத்த விலை

பட்டிப்பொங்கல் கழிந்த அடுத்த கிழமை, எங்கள் ஊர்ப்பக்கத்து மாட்டுவண்டில் சவாரிக் கழகம் ஒன்றின் வருடாந்த விருந்துக்குப் போயிருந்தேன். ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் என்ற வகையில் எனக்கு வாழ்த்துரை. சவாரியில் வென்ற சாரதிமாருக்கு மாலை போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. திடலில் முள்ளும் கல்லும் பொறுக்கியவர்கள், ஓட்டம் முடிந்த மாடுகளை மறித்துப் பிடித்தவர்கள், தண்ணீர் சுமந்த பொடியள் எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு துவாய் போர்த்தினார்கள். நாம்பன்களுக்கு உழுந்தும் பிண்ணாக்கும் ஊறவைத்துக் கொடுக்கும் ஒரு கிழவர், துவாயை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அதையே பார்த்தபடி நின்றார். எனக்குப் பிடித்த காட்சி அது.

என் முறை வந்தபோது வாத்தியார்ப் புத்தி விடவில்லை. "சவாரி என்பது தமிழ்ச் சொல் அல்ல, பாரசீகச் சொல். குதிரையில் ஏறியவனைக் குறித்த சொல்" என்று தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "மாஸ்ரர், இது எங்கட பரம்பரைச் சொத்து. அதைப் போய்ப் பாரசீகம் எண்டுறியள்" என்றார். பந்தல் சிரித்தது. ஒரு பொடியன் மட்டும் சிரிக்காமல், "அப்ப அந்தச் சொல்லை ஆர் சேர் கொண்டு வந்தது?" என்று கேட்டான். ஆட்டிறைச்சிக் கறியின் வாசம் வந்துகொண்டிருந்த நேரம். "பிறகு சொல்லுறன்" என்று இறங்கிவிட்டேன். அந்தப் "பிறகு" இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

தமிழ்நாட்டு மண்ணும் வெப்பமும் நல்ல குதிரை வளர்ப்புக்கு ஒத்துவரவில்லை. போர்க் குதிரை கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. பாண்டிய நாட்டுக் கரையில் அவற்றை இறக்கியவர்களில் அரபு, பாரசீக முஸ்லிம் வணிகர்களே முதன்மையானவர்கள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கீஷ் தீவின் அதிபதியும் பெருவணிகருமான ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மஃபர் என்று அரபிகள் அழைத்த பாண்டிய நாட்டுக் கரைக்கு அனுப்பினார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். வழியில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலம் பணம் கொடுக்கவேண்டும் என்பது உடன்படிக்கை. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனுக்கு அமைச்சராகவே இருந்தார். காயல் துறைமுகமும் அவர் பொறுப்பில் இருந்த துறைகளில் ஒன்று. இத்தனை குதிரைக்கான பணம் கோயில் சொத்துகளின் வருமானத்திலிருந்து போனது என்றும் வஸ்ஸாப் எழுதுகிறார். கோயில் பொன் சோனகன் குதிரையாகிப் பாண்டியன் படையில் ஓடியது. அந்தக் காலத்து மனிதர்களுக்கு அது உறுத்தியதாகத் தெரியவில்லை.

வணிகர்களை உத்தமர்களாக மட்டும் காட்டுவதும் வரலாறு ஆகாது. அதே கரைக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ ஒரு சங்கடமான செய்தியைச் சொல்கிறார். இந்த நாட்டில் குதிரைக்கு லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர் இல்லை. குதிரைகள் ஆண்டுக்குள் செத்துத் தீர்கின்றன. அப்படித் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள், குதிரை செத்தால்தானே மறுபடி விற்கலாம் என்கிறார். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்குத் தின்னக் கொடுத்தார்களாம். புல் தின்னும் வாய்க்கு இறைச்சி! போலோ ஒரு வணிகர் வீட்டுப் பிள்ளை. போட்டி வணிகர்களைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனாலும் குதிரையை வாங்கியவர்கள் குதிரை பார்க்கத் தெரிந்த கையை வாங்கவில்லை என்பது மட்டும் விளங்குகிறது. எனக்குத் துவாயைப் பார்த்தபடி நின்ற கிழவரின் நினைவு வந்தது.

குதிரை கொண்டுவந்தவனுக்கு அரசன் மரியாதை செய்வதைத் தமிழ் தன் பக்திக் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறது. மாணிக்கவாசகருக்காகச் சிவன் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரை வணிகர் தலைவனாக மதுரைக்கு வந்த கதையை எல்லோரும் அறிவோம். பாண்டியன் மகிழ்ந்து பட்டுத் துகில் கொடுக்கிறான். வந்தவர் அதைக் கையால் வாங்காமல் குதிரை ஓட்டும் செண்டினால் ஏற்கிறார் என்கிறது திருவிளையாடற் புராணம். அந்த லீலை இன்றும் மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நடக்கிறது. அருணகிரிநாதரோ மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று அழைத்துவிட்டார். ராவுத்தர் என்றால் குதிரை வீரர். கடவுளுக்குக் கொடுக்கத் தகுந்த பட்டமாக அந்தப் பெயர் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது என்பதை இன்றைய ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்?

குதிரைக்கும் குதிரை வீரர்க்கும் ஆண்டுக்கு ஒருமுறை பெருவிழா எடுத்து மரியாதை செய்த இடம் என்றால் விஜயநகரம்தான். தமிழ்நாட்டின் பெரும்பகுதியையும் கட்டி ஆண்ட அந்த நகரில் மகாநவமி விழா ஒன்பது நாள் நடந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதே நவராத்திரிக்கு வாணி விழா வைத்து, புத்தகத்துக்குப் பூப்போட்டு, அவலும் கடலையும் கொடுக்கிறோம். அங்கே குதிரைக்குப் பூப்போட்டார்கள். 1520 அளவில் அதை நேரில் பார்த்த போர்த்துக்கேயர் தொமிங்கோ பாயிஸ், அலங்கரித்து நிறுத்திய பதினொரு குதிரைகள் மீது கிருஷ்ணதேவராயர் கூடையிலிருந்து வெண்ணிற ரோசாப் பூக்களை அள்ளித் தூவியதையும், பிறகு வாசனைப் புகை காட்டியதையும் எழுதுகிறார். இன்னொரு வேளையில் அரண்மனைக் குதிரைகளெல்லாம் பட்டும் பொன்னும் பூவுமாக அணிவகுத்து வருகின்றன. முன்னால் வருவதற்கு அரசனுக்குரிய இரண்டு குடைகள். அரசர்கள் பதவியேற்கும்போது சத்தியம் செய்யும் குதிரை அது. அது இறந்தால் அதன் இடத்தில் இன்னொன்றை வைப்பார்கள். அந்தக் குதிரையை நடத்திவந்தவனின் பெயரைப் பாயிஸ் எழுதவில்லை. லாயத்துச் சிறிய அதிகாரி ஒருவன் என்பதோடு சரி.

விழா முடிந்ததும் ஊருக்கு வெளியே படை அணிவகுப்பு. அங்கே முஸ்லிம் வீரர்களும் கேடயம், ஈட்டி, துருக்கி வில், வெடிகளோடு நின்றதைப் பாயிஸ் தனியாகக் குறிப்பிட்டு, அவர்களின் தேர்ச்சியைக் கண்டு வியந்ததாகச் சொல்கிறார். இது திடீரென்று வந்ததல்ல. நூறு ஆண்டுக்கு முந்தி இரண்டாம் தேவராயர் முஸ்லிம் குதிரை வீரர்களையும் வில்லாளர்களையும் படையில் சேர்த்தார். அவருடைய அதிகாரி அகமது கான் 1439இல் எழுப்பிய பள்ளிவாசல் ஹம்பியில் இன்றும் நிற்கிறது. 1443இல் ஹெராத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரஸாக், ஹொர்முஸில் கப்பலின் நாற்றம் மூக்கில் ஏறியதுமே மயங்கி, மூன்று நாள் மூச்சு மட்டும் ஓடக் கிடந்தவர். நாற்றம் பொறுக்காத அந்த மனிதருக்குத் தேவராயர் நாள்தோறும் இரண்டு ஆடு, நான்கு சோடி கோழி, அரிசி, நெய், சர்க்கரை, இரண்டு வராகன் பொன் என்று படியளந்தார். அவ்வாண்டு மகாநவமியையும் அவர் பார்த்து எழுதியிருக்கிறார்.

அந்த விழாப் பந்தலுக்குப் பின்னால் ஒரு கணக்கும் ஓடியது. 1535 அளவில் அங்கிருந்த போர்த்துக்கேயக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ் அதைச் சொல்கிறார். அரசன் ஆண்டுக்கு 13,000 குதிரை வாங்குவான். நல்லதைத் தன் லாயத்துக்கு எடுத்துக்கொண்டு மற்றதைப் படைத்தலைவர்களுக்கு விற்பான். செப்டம்பருக்குள் அவர்கள் பணம் கட்டவேண்டும். அந்தப் பணத்தில் புதிய அரபுக் குதிரை வாங்குவான். மகாநவமி வருவதும் அந்த மாதத்தை ஒட்டித்தான். பூத் தூவலும் கடன் வசூலும் ஒரே பருவத்தில். அரண்மனையில் குதிரை பராமரிப்போர் 1,600 பேர், பழக்குவோர் 300 பேர் என்றும் அவரே எண்ணிச் சொல்கிறார். பெயர் இல்லாவிட்டாலும் எண்ணிக்கையிலாவது அவர்களைச் சேர்த்த வியாபாரிக்கு நன்றி சொல்லவேண்டும்.

நூனிஸ் சொன்ன ஒரு செய்திதான் என்னை இந்தக் கட்டுரை எழுத உட்காரவைத்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆட்சியைப் பிடித்த சாளுவ நரசிம்மர் ஹொர்முஸ், ஏடன் பக்கத்துக் குதிரைகளை வணிகர் கேட்ட விலைக்கு வாங்கினார். மூன்று குதிரைக்கு ஆயிரம் பர்தாவோ. உயிரோடு வந்தாலும் செத்தாலும் அதே விலை. கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் அறுத்துக்கொண்டுவந்து காட்டினால் போதும், முழுப் பணம் கிடைக்கும். வாலைக் கொண்டுவந்தவன் வேற்று மதத்தான், வேற்று மொழிக்காரன், மறுபருவக் காற்றில் திரும்பிப் போகிறவன். அவனுடைய சொல்லும் ஒரு பிடி மயிரும் அரசனுக்குச் சாட்சியாகப் போதுமாக இருந்தன. அரசன் இதை அன்பினால் செய்யவில்லை, தேவைக்காகச் செய்தான் என்று சொல்வார்கள். சரிதான். தேவைப்பட்டவனின் நட்டத்தில் தானும் பங்கெடுத்தான் என்பதும் சரிதான்.

1510இல் கோவாவையும் 1515இல் ஹொர்முஸையும் போர்த்துக்கேயர் பிடித்த பின் குதிரைக் கடல்வழி அவர்கள் கைக்குப் போனது. எங்கள் பக்கத்தில் மிஞ்சிய குதிரைகள் நெடுந்தீவில் உண்டு. அவை சோனகர் கப்பலில் வந்தவை அல்ல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து லாயங்களின் மிச்சம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயருக்காக அவற்றைப் பார்த்துக்கொண்ட நோலன் என்ற அயர்லாந்துக்காரனின் பெயர் தீவின் வரலாற்றில் நிற்கிறது. மாணவர்களை அங்கே கூட்டிப்போகும் போதெல்லாம் "வெள்ளைக்காரன் கொண்டுவந்த குதிரை" என்று ஒரு வரியில் முடித்திருக்கிறேன். அது பொய் அல்ல. ஆனால் அந்த ஒரு வரியோடு தமிழனுக்கும் குதிரைக்குமான கதை முடிந்ததாகப் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். சவாரி, லகான், சிப்பாய் என்று நாங்கள் யோசியாமல் பேசும் பாரசீகச் சொற்களைப் பற்றி ஒரு பாடத்திலும் நான் சொல்லவில்லை.

என் அப்பாவும் சவாரிக்காரர். எண்பதுகளில் எங்களிடம் ஒரு சோடி நாம்பனும் ஒரு சவாரி வண்டிலும் இருந்தன. அச்சுக்கும் சில்லுக்கும் வேண்டிய இரும்பை அப்பா யாழ்ப்பாணம் சோனகதெருப் பக்கத்து நானா ஒருவரிடம்தான் வாங்குவார். நானாவுக்குச் சவாரியில் பைத்தியம். சைக்கிளில் பத்துக் கட்டை மிதித்து எங்கள் பக்கத்துத் திடலுக்கு வருவார்; அப்பாவின் மாடு வென்றால் தன் மாடு வென்றதுபோலத் துள்ளுவார். 1990 தைச் சவாரிக்கு முன்னம் புது அச்சு ஒன்றைக் கடனுக்குக் கொடுத்து, "வெயிலேக்கை அலையாதை தம்பி, வெண்டாப் பிறகு தா" என்றாராம். அப்பா வெல்லவில்லை. புகையிலை விற்ற பிறகு பாதி கொடுத்தார்.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்கு ஒக்ரோபர் 30ஆம் திகதி கிடைத்தது இரண்டு மணி நேரம். எனக்கு அப்போது பத்து வயது. ஊரில் யாரும் அதைப் பற்றி உரத்துப் பேசவில்லை. அப்பா இரண்டு நாள் கழித்து நகரத்துக்குப் போய்ப் பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு வந்தார். மீதிக் காசு 340 ரூபாவை ஒரு கடிதவுறையில் போட்டு அலுமாரியில் வைத்தார். புத்தளம் பக்கம் போகிறவர்களிடம் நானாவின் பெயர் சொல்லி விசாரிப்பார். 1995 இடப்பெயர்வில் நாங்களே எங்கள் வீட்டை விட்டு ஓடியபோது, அந்த உறையை அம்மா அடையாள அட்டைகளோடு சேர்த்துக் கட்டி எடுத்துவந்தார். அப்பா 2011இல் காலமானார். யுத்தம் முடிந்து சோனகதெருவுக்குத் திரும்பியவர்களிடம் நானும் கேட்டுப் பார்த்தேன். நானா திரும்பவில்லை.

விருந்து முடிந்து இலை எடுத்த பிறகு, அன்று கேள்வி கேட்ட பொடியன் என் சைக்கிளுக்குக் கிட்ட நின்றான். அவனுக்கு நூனிஸைப் பற்றிச் சொல்லவில்லை. உறையைப் பற்றித்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "340 ரூபாய்க்கு இப்ப ஒரு அச்சு வாங்கேலாதே சேர்" என்றான். வாங்க முடியாதுதான் என்றேன்.

கழகத்தார் அடுத்த வருடமும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். "இந்தமுறை குதிரையை விட்டிட்டு மாட்டைப் பற்றிச் சொல்லுங்கோ மாஸ்ரர்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பார்ப்போம் என்றிருக்கிறேன்.